படகுக்கு இன்னொரு கோட்

என் சகலையைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறாள் என் மனைவி. சகலை என்றால் அவளுடைய அக்காவின் கணவர். நாலு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. நல்லபடியாக என்பதில்தான் கொஞ்சம் சிக்கல். ஆரம்பித்துவிடுகிறேன், போகிற வழியில் நல்லது ஏதாவது தட்டுப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

அவருக்குத் தொழில் ஒழுகலை அடைப்பது. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறைத் தரை என்று எங்கே நீர் கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே 'கசிவு' என்றாகிவிட்டது. "கசிவு வந்துட்டாரா?" என்று அவர் காதுபடவே கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. டாக்டரைக் காய்ச்சல் என்று கூப்பிடாமல் விட்டார்களே, அந்த மட்டில் தன் தொழிலுக்கு மரியாதை கூடுதல்தான் என்பார். இதில் என்ன மரியாதை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், இவர் வெளியே ஓடுவார். குடையைப் பிடித்துக்கொண்டு, தான் அடைத்த கூரைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பார். கதவைத் தட்டி "ஒழுகுதா?" என்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்து, சுவரைப் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் போவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தூறல் சத்தம் கேட்டால் பாதியில் கை கழுவிவிடுவார். அவர்களுடைய கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் அக்கா மட்டும் தனியாக நிற்பார். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

நான் ஒர்க்‌ஷாப்பில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நசுங்கிய கதவுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, நிறம் அடித்து, எங்கே அடிபட்டது என்று கார்க்காரருக்கே தெரியாதபடி அனுப்பிவைப்பேன். இரண்டு பேருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றின் மேல் இன்னொன்றைப் பூசுவது. அதனால் ஒரு காலத்தில் நன்றாகத்தான் ஒத்துப்போனது.

பிறகு என் வீட்டு மொட்டை மாடியை அவர் அடைத்துக் கொடுத்தார். கூடத்துக் கூரைக்கு நான் பெயிண்ட் அடித்தேன். முதல் மழையில் கூடத்தின் நடுவில் சொட்டியது. பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி எழுந்தது. அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். ஈரம் காயாத கூரையில் பெயிண்ட் அடித்தால் இப்படித்தான் என்றார். ஒழுகுகிற கூரை எந்தக் காலத்தில் காயும் என்றேன் நான். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை.

அந்தக் கூரையை நான் வேறு யாரையும் வைத்துச் சரிசெய்யவில்லை. சரிசெய்தால் சாட்சி அழிந்துபோகும். மழை பெய்தால் அடியில் பக்கெட்டை வைத்தோம். பெயிண்டர் வீட்டுக் கூரை இப்படியா இருக்கும் என்று வருகிறவர்கள் கேட்டால், முழு விவரத்தையும் சொல்ல நான் தயாராக இருந்தேன். நாளடைவில் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் அக்காவும் தங்கையும். அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்று அவர்கள் இங்கே வருவார்கள், இல்லை நாங்கள் அங்கே போவோம். சண்டைக்குப் பிறகு, தன் கணவர் சாப்பிடாத வீட்டில் தனக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும் என்று அக்கா வருவதை நிறுத்திவிட்டார். இவளும் ரோஷத்தோடு போகாமல் இருந்தாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலாவது மீறிப் போயிருப்பார்கள். போனில் பேசலாமே என்று கேட்கலாம். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள். நேரில் அது நன்றாக நடக்கும், போனில் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் மனைவி ஏற்கெனவே துடைத்த சமையலறை அலமாரியை மறுபடி துடைத்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். பாவம் பார்த்தால் நான் தோற்றதாக ஆகிவிடும் என்று பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்வேன்.

இப்போது படகுக்கு வருகிறேன். சண்டைக்கு முன்பு நானும் சகலையும் சேர்ந்து ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தோம். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கரையிலிருந்து ஓட்டுகிற படகு. நீளம் ஒரு ஆள் கை அளவு. மெல்லிய பிளைவுட். பேட்டரி கிடையாது, நிஜமாகவே எண்ணெய் குடித்து ஓடுகிற சின்ன எஞ்சின். கட்டிய மட்டில் அப்படியே நின்றுபோய், வெறும் மரமாக என் வீட்டுப் பரண்மேல் கிடந்தது. எஞ்சின் பெட்டி அவர் வீட்டில், ரிமோட் என் வீட்டில். பாதிப் பாதியாகப் போட்டு வாங்கியது என்பதால் விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது.

ஒருநாள் என் மனைவி அதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். ஒன்று முடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பில் வைப்பேன் என்றாள். எங்கள் வீட்டில் விறகடுப்பு கிடையாது. ஆனாலும் அந்தக் குரலில் சொன்னால் செய்துவிடுவாள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு நீர் இறங்காமலிருக்க மரத்துக்கு ரெசின் பூச வேண்டும், அது என் வேலை இல்லை, அந்த வேலைக்காரர் வீட்டுக்கு நான் போவதாகவும் இல்லை என்றேன். படகைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். காலையில் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். படகைக் கொடுப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

சகலை ரெசின் பூசுவதைப் பற்றி நல்லபடியாகவே சொல்லலாம். முதல் கோட்டில் ஸ்பிரிட் கலந்து தண்ணீராக்கிவிடுவார். அக்காவின் முடி உலர்த்துகிற மிஷினால் மரத்தைச் சூடு காட்டிக்கொண்டே பூசுவார். சூடான மரம் ரெசினை உள்ளே இழுக்கும். பலகையின் முகத்தைவிட வெட்டிய ஓரம்தான் அதிகம் குடிக்கும் என்பதால் ஓரத்துக்கு மட்டும் சின்ன பிரஷால் திரும்பத் திரும்ப ஊட்டுவார். எஞ்சின் உட்காருகிற குழியில் ஊசி முனை அளவுகூட விடமாட்டார். காரணம் இருக்கிறது. இந்த எஞ்சின் குடிப்பது ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும் இன்னொரு காரமான திரவமும் கலந்த கலவை. அது குடித்ததில் பாதியைப் பின்பக்கமாகத் துப்பும். துப்பிய எண்ணெய் மரத்தில் இறங்கினால் ஒட்டு விட்டுப்போகும், மரம் ஊறிப்போகும். சாதாரண பெயிண்ட் மேல் பட்டாலோ கொழகொழவென்று ஆகி, துணியோடு வந்துவிடும்.

அது என்னிடம் நடக்காது. கார்களுக்கு அடிக்கிற, இறுகவைக்கிற ஹார்டனர் கலந்த பெயிண்ட்தான் படகுக்கும் என்று முடிவு செய்தேன். அவர் ரெசின் பூசி அனுப்பியதை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, ஒர்க்‌ஷாப்பில் பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன். சிவப்பு அடித்து, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டு, மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் அடித்தேன். அதே பெயிண்டை ஒரு தகர மூடியிலும் அடித்து, எரிபொருளில் நனைத்த பஞ்சை அதன் மேல் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் அசையவில்லை. முகம் பார்க்கலாம் போலிருந்தது படகில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒரு குறை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினைப் பொருத்த வேண்டியது அவர். அதனால் படகு மறுபடி போர்வைக்குள் போனது. மனைவி கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு அக்கா அதே போர்வையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். எஞ்சின் இல்லாமல் படகு அப்படியே திரும்பி வந்திருந்தது. அக்காவும் தங்கையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் கேட்டது. அக்கா கிளம்பிப் போன பிறகு என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அத்தான் படகைக் கையில் வாங்கினாராம். விரலால் தடவினாராம். எதுவும் சொல்லவில்லையாம்.

"ஆனா முகம் சரியில்லையாம்."

முகம் சரியில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியாது, அக்கா சொன்னதைத்தான் சொல்கிறாள். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மந்திரியின் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் படகுக்கு இன்னொரு கோட் அடித்தேன்.

படகு போனது. ஒரு வாரம் கழித்து வந்தது. உட்பக்கம் புதிதாக ரெசின் மினுங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று யோசித்தேன். சரி, அவருக்கே அவர் வேலையில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் இந்த முறையும் ஒரு செய்தி வந்தது. அத்தான் படகை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்றாராம். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. இரண்டு கோட் அடித்தேன்.

இப்படியே படகு அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. பேருந்தில் அக்கா அதைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுவாராம். குழந்தை என்று நினைத்து எழுந்து இடம் கொடுப்பார்களாம். முழங்கால் வலிக்காரர் அவர், மறுக்கவில்லை. ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெண்மணி குழந்தையிடமிருந்து தின்னர் வாசனை வருகிறதே என்று கேட்டிருக்கிறார். அப்பா பெயிண்டர் என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். இதை என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. கொஞ்ச நேரம் நானும் சிரித்தேன். பிறகு யாருடைய மனைவி சொன்ன கதை என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

மாதங்கள் போயின. தூக்கும்போது படகு கனக்கிற மாதிரி ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நான்தான் பொறுமை இழந்தேன். எவ்வளவு பூசினாலும் அந்த மனுஷனுக்குத் திருப்தி வராது, தண்ணீரில் விட்டுக் காட்டுவோம் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் அதையே சொல்லி அனுப்பினார் என்று செய்தி வந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் என் மனைவியின் முகத்தில் சுரத்தே இல்லை. படகு ஓடிவிட்டால் போர்வைக்கு வேலை இல்லை. அக்கா வருவதற்கும் இவள் போவதற்கும் சாக்கு இல்லை. மறுபடி அலமாரி துடைக்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் கூரை விஷயத்தில் என் பக்கம்தான் நியாயம் என்பதால் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கல் குவாரிக் குளத்தில் இந்த மாதிரிப் படகுகள் விடுவார்கள். இரண்டு குடும்பமும் வெவ்வேறு பேருந்தில் போய் இறங்கினோம். அவர் எஞ்சினைப் பொருத்தினார், எரிபொருள் ஊற்றினார், மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்தேன். அவர் எஞ்சினைக் கிளப்பினார். காது கிழிகிற சத்தம், விளக்கெண்ணெய்ப் புகை. படகைத் தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தார்.

இந்த வகைப் படகு வேகம் எடுத்ததும் மூக்கைத் தூக்கி, தண்ணீருக்கு மேலே எழுந்து, வயிறு மட்டும் தொடும்படி பறக்க வேண்டும். எங்கள் படகு எழவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நடந்துபோகிற எருமை மாதிரி, குளத்தைத் தள்ளிக்கொண்டே போனது. நான் ரிமோட்டை முழுக்க அழுத்தினேன். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. பக்கத்தில் ஒரு வாத்து நீந்தி முந்திக்கொண்டு போனது. கரைக்கு ஒருவழியாகக் கொண்டுவந்து சேர்த்தேன். சகலை மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வெளியே துடைத்துப் பார்த்தேன். பெயிண்டில் ஒரு மாசு இல்லை. படகு ஓடவில்லை, அவ்வளவுதான்.

கரையில் தள்ளுவண்டி போட்டிருந்த பழக்காரர், தராசில் வைத்துப் பார்க்கிறீர்களா என்று தானாகவே கேட்டார். வைத்தோம். படகு கட்டுவதற்கான வரைபடத்தில் போட்டிருந்த எடையைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. இவ்வளவு கனமான தர்பூசணி தன்னிடம் இல்லை என்றார் பழக்காரர். நாங்கள் இரண்டு பேரும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"உங்க முகம் சரியாகறதுக்கு எத்தனை கோட்தான் அடிக்கறது?" என்றேன். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

"என் முகத்துக்கு என்ன?" என்றார் சகலை. "நீங்கதான் உள்ள விரலை விட்டுப் பார்த்துட்டு 'ம்'னு சொன்னீங்களாமே. ஒவ்வொரு தடவையும்."

"நான் 'ம்'னே சொல்லலை."

"நான் முகத்தையே காட்டலை. பிரமாதமா இருக்குன்னுதான் சொன்னேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அக்காவும் தங்கையும் கல்மேல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மடித்து வைத்த போர்வை. என் மனைவி தரையைப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார்.

"ஆமா தம்பி. நாங்கதான் சொன்னோம். படகு முடிஞ்சுட்டா நாங்க எப்படிப் பார்த்துக்கறது?"

வெட்கமாக இருந்தது. கூரையில் ஒரு சொட்டுக்காக வயதான பெண்கள் இரண்டு பேரைப் போர்வையோடு பேருந்தில் அலைய விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் அதை ஒரு வார்த்தை சண்டை போடாமல் செய்திருக்கிறார்கள் என்பதுதான் இன்னும் சுட்டது. சகலை படகைத் தராசிலிருந்து எடுத்து, கட்டைவிரலால் அதன் பக்கவாட்டைக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று நான் சொன்னால் எண்ணெய்ப் புகை என்பார். சொல்லிவிடுகிறேன், கலங்கித்தான் இருந்தது.

"உப்புத்தாள் வீட்ல இருக்கா, சகல?" என்று கேட்டார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் வெளியே தேய்த்தேன், அவர் உள்ளே சுரண்டினார். இப்படித் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கோட்டும் ஒரு வளையமாகத் தெரியும். கிளியர், சிவப்பு, கிளியர், சிவப்பு, அதன் அடியில் பிரைமர். ஒவ்வொரு வளையமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு இடத்தில் சிவப்புக்கு மேல் மெல்லியதாக ரெசின் ஓடியிருந்தது. என் பெயிண்ட் ஒழுகுமோ என்று பயந்து யாருக்கும் தெரியாமல் பூசியிருக்கிறார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். அதுபற்றிப் பேச்சு எழவில்லை, ஏனென்றால் எஞ்சின் குழிக்குள் நானும் ஒரு கோட் பெயிண்ட் அடித்திருந்தேன். கீழே சமையலறையில் இரண்டு குரல் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ப்பதில் எங்களுக்கும் அவசரம் இல்லை.

மரத்தை ஒட்டிய ரெசினை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்தோம். பிரைமரும் சிவப்பும் கிளியரும் தலைக்கு ஒரு கோட். வெள்ளைக் கோடு வேண்டாம், அதுவும் எடைதான் என்றார். கோடு என்ன எடை இருக்கும் என்றேன். கோடு போடவில்லை. குவாரிக் குளத்தில் மறுபடி விட்டோம். முதல் அழுத்திலேயே மூக்கைத் தூக்கியது. அப்புறம் தண்ணீரைத் தொட்டதா இல்லையா என்று தெரியாமல் போனது. வாத்துகள் ஒதுங்கின. நான் கத்திவிட்டேன் என்று சகலை சொல்கிறார், எனக்கு நினைவில்லை. பெருமையோடு திரும்பிப் பார்த்தால், கல்மேல் இருவரும் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். படகு ஓடியதை இன்றுவரை அவர்கள் பார்த்ததில்லை.

அன்று மதியம் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். படகைக் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தேன். பாதிச் சாப்பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் கை நின்றுவிட்டது. மழைச் சத்தம் கேட்டால் சகலை எழுந்துபோவார், அக்காவும் பின்னாலேயே எழுந்துவிடுவார், ஞாயிறு அத்தோடு முடிந்துவிடும். போதாக்குறைக்குத் தலைக்கு மேலே அந்த உப்பிய கூரை. அவர் பார்வை மேலே போனது. சொட்டு ஒன்று சரியாக எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

சகலை காலை நீட்டி, சுவரோரம் இருந்த பக்கெட்டைப் பாதத்தாலேயே இழுத்துச் சொட்டுக்கு அடியில் வைத்தார். தட்டை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

"மேலே போய்ப் பார்க்கலையா, சகல?" என்று கேட்டேன்.

அவர் எதிரே இருந்த இரண்டு பெண்களையும் கண்ணால் காட்டினார். மழை பெய்வதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஒழுகட்டும். இப்ப எழுந்தா இவங்க பேச்சு நின்னுடும்."

பக்கெட் நிறைந்தபோது சத்தம் போடாமல் நான் எழுந்துபோய் மாற்றிவைத்தேன்.